பில் இல்லாத சங்கிலி

அந்தக் கோடை முழுவதும் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மும்பையில் யாரோ கூட்டம் போடப் போகிறார்கள், அதுதான் காரணம்.

வங்கிகளுக்கெல்லாம் விதி வகுக்கிற பெரிய அலுவலகம் அங்கே இருக்கிறது. நகைக்கடனுக்குப் புது விதி கொண்டுவர நினைத்து, முதலில் வரைவு என்று ஒன்றை வெளியிட்டிருந்தார்கள். பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம், பிறகு கூடிப் பேசி முடிவு செய்வார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்கிற சின்னக் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். முதலாளி படித்து முடித்த பேப்பரை டீ நேரத்தில் ஒரு வரி விடாமல் மேய்வது என் பழக்கம். வரி விளம்பரம், ஏல அறிவிப்பு, காணவில்லை, எதையும் விடமாட்டேன். அன்றைக்கு அந்த நகைக்கடன் செய்தியில் ஒரு வரியில் வந்து நின்றுவிட்டேன். அடகு வைக்கிற நகை தன்னுடையதுதான் என்பதற்குக் கடன் கேட்பவர் ஆதாரம் காட்ட வேண்டும் என்று இருந்தது.

என் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

கழுத்தில் கிடந்தது ஒரு முறுக்குச் சங்கிலி. கல்யாணத்துக்கு முன்னால் இதே எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். சம்பளத்தில் அம்மாவுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை மாதாமாதம் பூந்தமல்லியில் ஒரு ஆசாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதோடு அம்மாவின் உடைந்த தோட்டையும் என் காதுகுத்துக் கம்மலையும் சேர்த்து உருக்கி அவர் செய்து கொடுத்த சங்கிலி அது. பில்லாவது கில்லாவது. ஒரு ரோஸ் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அந்தக் காகிதத்தையும் என் மகள் தவழ்கிற வயதில் எடுத்துத் தின்றுவிட்டாள்.

எங்கள் வீட்டில் அந்தச் சங்கிலிக்கு ஒரு சுற்று உண்டு. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தால் அது வங்கிக்குப் போகும். தீபாவளி போனஸ் வந்து, அது இதென்று இழுத்துப் பிடித்து, பொங்கலுக்குள் கழுத்துக்குத் திரும்பிவிடும். இதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், ஆனால் வைத்துவிட்டு வந்த பிறகு. பல வருடம் அதைக்கூடச் சொல்லவில்லை, வட்டி கட்டச் சொல்லி அவர் போனுக்கு மெசேஜ் வந்து அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். "உன் சங்கிலி எனக்கு லெட்டர் போட்டுகீது" என்பார். கோபப்பட மாட்டார். அவர் ஆவடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர், நல்ல மனிதர்தான். தன் தம்பி கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்ல வாய் வராது. அப்படி எத்தனையோ போயிருக்கிறது. சங்கிலி போகவில்லை, ஏனென்றால் அது என்னுடையது.

அந்த வருடம் மகள் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். பொறியியல் கலந்தாய்வில் இடம் ஒதுக்கினால் சில நாள்களுக்குள் பணம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்தச் சில நாள்களுக்காகத்தான் சங்கிலியை அந்த வருடம் மீட்டுக் கழுத்திலேயே காத்து வைத்திருந்தேன். அதற்குள் இந்த விதி வந்துவிட்டால், பில் எங்கே என்று கேட்டால், நான் எங்கே போவேன்.

பேக்கிங்கில் என்னோடு வேலை செய்கிறவள் பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், என்னைவிடச் சின்னவள். அவளிடம் பேப்பரைக் காட்டினேன். வாஷரை எண்ணிப் பைக்குள் போட்டுக்கொண்டே படித்தாள்.

"எனக்கு எங்க மாமி போட்டதுக்கா. மாமிக்கு அவங்க மாமி போட்டது. பில்லு கேக்கணும்னா நான் கபர்ஸ்தானுக்குத்தான் போவணும்" என்றாள்.

"சிரிக்காத. உனக்கு இன்னும் புள்ளைங்க சின்னது. எனக்கு இந்த வருஷமே கழுத்துல கத்தி."

"இன்னும் கூட்டமே போடலன்னுதானே போட்டிருக்கு. அதுக்குள்ள நீ ஏங்க்கா குதிக்கிற?"

எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். கூட்டம் போடட்டும், பார்க்கலாம். என்னால் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பால் பொங்கும் வரை பக்கத்தில் நின்று பார்க்கிற ஆள் நான். பட்டாபிராமில் ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்குவதற்குள் போனில் செய்தியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பேன். இந்து காலேஜ் ஸ்டேஷனில் பார்த்த அதே வரி அண்ணனூரிலும் அப்படியேதான் இருக்கும். ஒரு கட்சி எதிர்க்கிறது, இன்னொரு கட்சியும் எதிர்க்கிறது, விவசாயிகள் ஊர்வலம் போகிறார்கள், அமைச்சகம் ஏதோ யோசனை சொல்லப் போகிறதாம். போகிறதாம், வருகிறதாம், பரிசீலனையில் இருக்கிறதாம். ஆம் ஆம் என்றே ஒரு கோடை ஓடியது.

எங்கள் வங்கிக் கிளையில் வாடிக்கையாளர் கூட்டம் ஒன்று போட்டார்கள். நகைக்கடன் வைக்கிற பெண்கள்தான் அதிகம். டோக்கன் எடுக்கும் இடத்தில் நாற்காலி போட்டு, டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். மேனேஜர் சுவரில் படம் காட்டி வரைவு விதியை விளக்கினார். பாவம், அவருக்கே அது முழுசாகப் புரிந்திருந்ததாகத் தெரியவில்லை. ஆதாரம் என்ற இடத்துக்கு வந்ததும் முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்தாள்.

"சார், எங்கம்மா எனக்குச் செயினு போடறப்ப கட்டிப் புடிச்சி அழுதுச்சி. பில்லு குட்கல."

கூட்டமே சிரித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டு, "இது வரைவுதாம்மா. இன்னும் முடிவாகல. உங்க கருத்தை நீங்க மேல அனுப்பலாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எழுந்து, "ஆதாரம்னா என்ன சார்? இத்தனை வருஷமா போட்டுப் போட்டுக் கழுத்துல கருத்துக் கிடக்கிற தடம் போதுமா?" என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார்கள். நான் நிஜமாகத்தான் கேட்டேன்.

கருத்தை மேலே அனுப்பலாம் என்றாரே, அதையும் விடுவானேன் என்று மகளை உட்கார வைத்து மின்னஞ்சல் அடிக்கச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். ஐயா, எங்கள் பக்கத்தில் நகை கடையிலிருந்து வருவதில்லை, கழுத்திலிருந்து கழுத்துக்கு வருகிறது என்று ஆரம்பித்தேன். அவள் நிறுத்தி, "மா, இதைத் தமிழ்ல அனுப்பினா அங்க யார் படிப்பாங்க?" என்றாள். படிக்கத் தெரிந்தவனைத் தேடிப் பிடிக்கட்டும், விதி எனக்குத்தானே போடுகிறார்கள் என்றேன். அனுப்பினாள். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. அதைப் பார்த்து ஒரு பொழுது நிம்மதியாக இருந்தேன், மறுநாள் பழையபடி ஆனேன்.

வீட்டில் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன். துடைத்த அடுப்பையே துடைப்பேன். "இன்னாமே, கால்ல சக்கரம் கட்டிகினு சுத்தற? இன்னும் சட்டமே வர்ல. அதுக்குள்ள இன்னாத்துக்கு அலம்பல் பண்ணிகினு கீற?" என்று என் வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பார். அவருக்கு எப்போதுமே எதுவும் வந்த பிறகுதான் வந்ததாகக் கணக்கு. வருவதற்குள் ஓடிப் பிடித்துவிட வேண்டும் எனக்கு.

சங்கிலி செய்த ஆசாரியிடம் ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்குப் போனேன். அவர் கடை இருந்த இடத்தில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். ஆசாரி எங்கே என்று கேட்டதற்கு அந்தப் பையன்களுக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியவில்லை. திரும்பி வரும்போது ஆவடியில் ஒரு பெரிய நகைக்கடையில் ஏறினேன். பழைய நகைக்குப் பில் தருவீர்களா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை அனுதாபத்தோடு பார்த்தாள்.

"பழசுக்கு எப்படிக்கா பில்லு போட முடியும்? மாத்திப் புதுசு எடுத்தீங்கன்னா பக்கா ஜிஎஸ்டி பில்லோட தருவோம். இப்ப நெறைய பேரு அதுக்குத்தான் வர்றாங்க."

சுற்றிப் பார்த்தேன். உண்மைதான். என்னைப் போலவே கழுத்தைத் தடவிக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மும்பையில் இன்னும் கூட்டம்கூட முடியவில்லை, இங்கே ஊர்ப்பட்ட சங்கிலி உருகிக்கொண்டிருந்தது.

அன்று திரும்பி வந்துவிட்டேன். ஆனால் மனது வரவில்லை. தேர்வு முடிவு வந்து, மகள் நல்ல மதிப்பெண் எடுத்து, கலந்தாய்வுக்குப் பதிவும் செய்துவிட்டாள். அன்றே போய்ச் சங்கிலியைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அது உருகுவதைப் பார்க்கலாம் என்றார்கள். பார்க்கவில்லை, காபி கொடுத்தார்கள், அதைக் குடித்தேன். சேதாரம், செய்கூலி, பழசில் அழுக்கு, பற்றுப்பொடி என்று அவர்கள் கழித்ததெல்லாம் போகப் புதுச் சங்கிலி இளைத்துத்தான் வந்தது. பரவாயில்லை, இதற்குப் பில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

"போன் நம்பர் சொல்லுங்கக்கா" என்றாள் அந்தப் பெண்.

கடகடவென்று சொன்னேன். ரேஷன் கடையில், கேஸ் ஏஜென்சியில், மகளின் பள்ளியில், ஆஸ்பத்திரியில், எங்கே கேட்டாலும் நான் சொல்கிற நம்பர் அது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடங்காது. அவள் தட்டினாள். திரையில் ஏதோ வந்தது. சரிதானே என்று கேட்டாள், சரிதான் என்றேன். பில்லை உறையில் போட்டு, உறையைப் பையில் போட்டு, கூடவே ஒரு சின்ன மஞ்சள் பையும் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் ரயிலில் போனைத் திறக்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கையில் போன்.

"நகை வாங்கினதுக்கு நன்றின்னு எனக்கு மெசேஜ் வந்துகீது. நான் எப்பமே நகை வாங்கனேன்?"

மகள் பில்லை வாங்கிப் படித்தாள். அவள் முகம் மாறியது. "மா, அப்பா பேரு போட்டிருக்கு."

அவர் எப்போதோ தம்பி பெண்ணின் காதுகுத்துக்கு அந்தக் கடையின் இன்னொரு கிளையில் ஒரு மோதிரம் வாங்கியிருக்கிறார். நான் சொன்ன அவருடைய நம்பரைத் தட்டியதும் அவர் பெயரும் முகவரியும் வந்து விழுந்திருக்கிறது. சரிதானே என்று அவள் கேட்டது அதைத்தான். மறுநாளே அரை நாள் லீவு போட்டு ஓடினேன். "ஜிஎஸ்டி பில்லுக்கா, போட்டாச்சுன்னா பேரு மாத்த முடியாது. வீட்டுக்காரர் பேருதானே, என்னா இப்ப?" என்றாள். அவளுக்கு என்னவென்று சொல்வது. கல்யாணம் ஆகாத பெண்.

என்ன இப்ப என்று எனக்கே இரண்டு நாள் தோன்றியது. மூன்றாம் நாள் அவருடைய தம்பி வந்தார். செம்பரம்பாக்கம் பக்கத்தில் பிளாட் போடுகிறார்கள், முன்பணம் கொஞ்சம் குறைகிறது என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல், "நகை ஊட்ல சும்மாதானே கீது. வெச்சி எடுத்துக்கலாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடத்தில் அந்தச் சங்கிலியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை இப்படிப் பேசியதில்லை. தம்பி போகும் வரை அடக்கிக்கொண்டிருந்தேன். போனதும் பிடித்துக்கொண்டேன்.

"அது யாருதுன்னு நீங்க சொல்றீங்க?"

"நம்மளுதுதான்."

"காலேஜுக்கு என்ன செய்யறது?"

"அதுக்கு அப்ப பாத்துக்கலாம். அவன் ஒரு மாசத்துல குட்த்துடுவான். இன்னாமே, பில்லு என் பேர்லதானே கீது, ஏன் இப்டி கத்தற?"

அதை அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சும்மா ஒரு சங்கதியைச் சொல்வது போலத்தான் சொன்னார். அதுதான் எனக்கு வலித்தது. காலர் காலராகத் தைத்துச் சேர்த்தவள் நான், அம்மாவின் தோடு அதற்குள் இருக்கிறது, ஒரு காகிதம் வந்து உட்கார்ந்ததும் அது அவருக்கு எத்தனை இயல்பாக வந்துவிட்டது. அழுதேன், மறைக்கவில்லை. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து சங்கிலியைக் கழற்றவே இல்லை. குளிக்கும்போதும் கழுத்தில், அடுப்படியிலும் கழுத்தில். தம்பிக்கு அவர் முடியாது என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார் என்பது ஓரகத்தி பேச்சில் தெரிந்தது. கலந்தாய்வு நெருங்கியது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இந்த லட்சணத்தில் மும்பைக் கூட்டம் முடிந்து இறுதி விதி வந்தது. டீ நேரத்தில் பேப்பரைப் பிரித்ததும் பார்த்தேன். சின்னக் கடன் வாங்குகிறவர்களுக்குச் சலுகை செய்திருக்கிறார்கள். பில் இல்லாவிட்டால் பரவாயில்லை, நகை தன்னுடையதுதான் என்று கடன் வாங்குபவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும்.

ஒரு முறை படித்தேன். இன்னொரு முறை படித்தேன். பூந்தமல்லிக்காரியிடம் நீட்டினேன். அவள் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தாள். அவள் கழுத்தில் மாமியின் சங்கிலி அப்படியே கிடந்தது, உருகாமல், இளைக்காமல், யார் பெயரிலும் இல்லாமல்.

"சொல்லேன். நீ ஏங்க்கா குதிச்சன்னு கேளேன்" என்றேன்.

"ஒண்ணும் கேக்கலக்கா. டீய குடி, ஆறிடும்."

எனக்கு வந்த கோபம் மும்பை மேலா, நகைக்கடை மேலா, என் வீட்டுக்காரர் மேலா, என் மேலேயேவா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எல்லார் மேலும்தான். ஒரு மாதம் பொறுத்திருந்தால் என் முறுக்குச் சங்கிலி என்னிடம் இருந்திருக்கும். ஆனால் பொறுத்திருந்து, விதி வேறு மாதிரி வந்திருந்தால்? அவர்கள் கூடிப் பேசி முடிக்கும் வரை என் மகளின் கலந்தாய்வு காத்திருக்குமா? மேலே இருப்பவர்களுக்கு வரைவு என்பது ஒரு யோசனை. கீழே இருப்பவர்களுக்கு அது அன்றைக்கே வந்துவிட்ட மாதிரிதான்.

மகளுக்கு இடம் ஒதுக்கிய செய்தி ஒரு காலையில் வந்தது. கேட்ட கல்லூரி, கேட்ட பிரிவு. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள், அவள் அப்பா அதற்குள் பட்டறைக்குப் போயிருந்தார். நான் கம்பெனிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு நேராக வங்கிக்குப் போனேன். பில் இருந்த உறையைப் பீரோவிலேயே விட்டுவிட்டேன்.

நகையை எடை பார்த்துத் தரம் சொல்கிற அப்ரைசர் அதே பழைய ஆள்தான். சங்கிலியைக் கையில் வாங்கியதும் புருவத்தைத் தூக்கினார்.

"புதுசா இருக்கே. பில் இருக்குமே?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. எனக்குப் பொய் சொன்னால் கால் ஆடும். "அந்த முறுக்குச் சங்கிலியை மாத்தினது சார். கூட ஒரு பைசா போடல. பில்லு வீட்டுக்காரர் பேர்ல விழுந்துடுச்சி. ஆனா தங்கம் என்னுது."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு சங்கிலியைப் பார்த்தார். "அதையா மாத்தினீங்க?" என்று மட்டும் கேட்டார். உரைகல்லில் தேய்த்துக்கொண்டே பக்கத்து மேஜையில் இருந்த அதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த அதிகாரி ஒரு இளம்பெண், புதிதாக மாற்றலாகி வந்தவள். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். என் பெயரில் அந்த முறுக்குச் சங்கிலி வருடா வருடம் வந்து வந்து போனது எல்லாம் அதில் இருந்தது. பழையதை மாற்றியது என்பதையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

இந்த நகையின் உரிமையாளர் நானே என்று எழுதினேன். பீரோவில் ஒரு காகிதம் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பது தெரிந்துதான் எழுதினேன். ஆனால் இத்தனை வருடத்தில் அது என்னுடையது என்று ஒரு காகிதம் சொன்னது இதுதான் முதல் தடவை. அதையும் நானேதான் எழுத வேண்டியிருந்தது.

"போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும்மா. பாத்து சொல்லுங்க" என்றாள் அதிகாரி.

போன வருடம் வரை கையெழுத்தோடு முடிந்த வேலை. என் போன் பேசாமல் இருந்தது. கணக்கு தொடங்கிய காலத்தில் என்னிடம் போன் கிடையாது, அப்போது கொடுத்த நம்பர் அவருடையது. ஆவடியில், லேத் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, அவர் சட்டைப் பையில் அது வந்து விழுந்திருக்கும். நான் கூப்பிட்டுக் கேட்டால் கொடுப்பார். கொடுப்பாரா? இரு, தம்பி கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுச் சொல்றேன் என்பாரா? இரண்டுமே சாத்தியம்தான். எது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பயமாக இருந்தது.

"அந்த நம்பரை மாத்தணும் மேடம்" என்றேன்.

"இன்னிக்கேவா?"

"இப்பவே."

ஆதார் கேட்டாள், கொடுத்தேன். மாற்றி முடிக்கக் கொஞ்ச நேரமாகும் என்றாள், இருக்கிறேன் என்றேன். படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தாள். "புது நம்பர் சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். அவருடைய நம்பரின் முதல் நான்கு எண்கள் வந்துவிட்டன. சட்டென்று நிறுத்தினேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. என் நம்பர் எனக்குத் தெரியவில்லை. ஊரடங்குக் காலத்தில் மகளின் பாடத்துக்காக வாங்கிய போன், பிறகு என் கைக்கு வந்தது. பேசியிருக்கிறேன், செய்தி படித்திருக்கிறேன், மும்பையில் என்ன நடக்கிறது என்று நிமிடத்துக்கு ஒரு தடவை அதில் பார்த்திருக்கிறேன். அதன் நம்பரை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் யாருக்கும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் போனில்கூட நான் 'ஊடு' என்றுதான் இருக்கிறேன்.

பின்னால் வரிசையில் நின்ற அம்மா உச்சுக்கொட்டினாள். எனக்கு முகமெல்லாம் சுட்டது. அதிகாரி ஒன்றும் கேட்காமல் தன் போனை எடுத்து மேஜையில் வைத்தாள். "என் நம்பருக்கு ஒரு கால் குடுங்கம்மா" என்று தன் நம்பரைச் சொன்னாள். கொடுத்தேன். அவள் போன் அதிர்ந்தது. திரையில் வந்ததைப் பார்த்து மெதுவாகப் படித்தாள். அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, நான் அவள் பின்னாலேயே சொன்னேன். படிவத்தில் எழுதிய பிறகும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். மதியம் போல என் போன் முதல் தடவையாக அந்த ஓசையை எழுப்பியது. வந்த எண்ணைப் படித்துக் காட்டினேன். வேலை முடிந்தது. மாலைக்குள் மகள் கல்லூரிக்குக் கட்டி ரசீதும் எடுத்துவிட்டாள்.

ரயிலுக்குக் காத்திருக்கும்போது சொன்னேன், ஏறி உட்கார்ந்து சொன்னேன். எதிரே இருந்தவள் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். ஒரு இடத்தில் இரண்டு எண்கள் இடம் மாறின. போனைத் திறந்து பார்த்துச் சரி செய்தேன். பட்டாபிராம் வருவதற்குள் மனதில் நின்றுவிட்டது.

அவர் பட்டறையிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். காபி கொடுக்கக் குனிந்தபோது என் கழுத்தைப் பார்த்தார்.

"இன்னா, கழுத்து காலியா கீது?"

"பேங்குல வெச்சிட்டேன். காலேஜுக்குக் கட்டியாச்சு."

காபியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "நடுவுல ஏதோ ஒரு நம்பர் வந்துகீது. வெச்சதுக்கு மெசேஜ் ஒண்ணும் எனக்கு வர்லியே?"

"எனக்கு வந்துச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமா, புரியவில்லையா என்று தெரியவில்லை. அவர் கேட்கவில்லை. நானாகவே என் நம்பரை முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை தடங்காமல் சொன்னேன்.